மூன்று வாட்டர் பம்ப்

நாமக்கல் பக்கத்தில் பிறந்தவனுக்கு இரண்டு விஷயத்தில் 'தெரியாது' என்று சொல்ல வாய் வராது. ஒன்று கிணறு, இன்னொன்று வண்டி. ஒரு லாரி நடுரோட்டில் நின்றுவிட்டால், சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிறவர்கூட சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, 'டீசல் ஏறலீங்க' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் போவார். நானும் அந்த மண்ணில் பிறந்தவன். போதாததற்கு, எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க டிரைவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, ஸ்பானரைத் தொடாமலே பாதி மெக்கானிக் ஆகிவிட்டதாக எனக்கு நினைப்பு. அந்த நினைப்பில்தான் அக்காவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

அக்காவை ஜலகண்டாபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. மச்சான் வீட்டில் துணி வியாபாரம். கல்யாணமான புதிதில் மச்சான், ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவரிடமிருந்து ஒரு பழைய இங்கிலீஷ் கார் வாங்கினார். இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய வண்டி, கறுப்பு நிறம். பிள்ளை இல்லாத வீடு. ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பேரும் அந்தக் காரில் மேட்டூர் வரை போய், அணையைப் பார்த்துவிட்டு, வறுத்த மீன் வாங்கித் தின்றுவிட்டு வருவார்கள். பிறகு மஞ்சள் காமாலை வந்து மச்சான் போய்ச் சேர்ந்தார். கார் நாலு வருஷம் கொட்டகையில் நின்றது.

அக்காவின் கொழுந்தனார்கள் கெட்டவர்கள் இல்லை. "தை பொறந்தா இந்தக் கொட்டாயில நாலு தறி எறங்குதுங்க அண்ணி. வண்டிய எடுத்துக்கறதுன்னா எடுத்துக்குங்க. இல்லீன்னா எடைக்குப் போட்டுறலாமுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அக்கா எனக்கு ஆள்விட்டாள்.

"நம்மூருக்குக் கொண்டுபோயிறலாஞ் சாமி. மாட்டுக் கொட்டாயில ஒரு ஓரமா நின்னுட்டுப் போகுது. நான் எப்பவாச்சும் வந்து உள்ள உக்கோந்துட்டுப் போனாப் போதும்" என்றாள். எங்கள் ஊர் புதுச்சத்திரத்துக்குப் பக்கம். ஆபீஸ் லாரி ஒன்றில் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "கயித்தக் கட்டி இழுக்க வேண்டாம். அவரு ஓட்டுன வண்டி, ஓட்டிக்கிட்டுத்தான் போகோணும். நானும் முன்னால உக்கோந்து வாரேன்."

"மூணு மாசம் பொறுங்கக்கா, ஓட்டிக் காட்டறேன்" என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டது அப்படித்தான்.

சேலத்தில் பழைய கார்களை மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஜலகண்டாபுரம் வந்து, பானெட்டைத் திறந்து, ஒரு மணி நேரம் பார்த்தார். "பிளாக் தங்கமுங்க. இத்தன வருசத்துல ஒரு கீறல் இல்ல" என்றார். பிளாக் என்பது எஞ்சினின் உடம்பு. மற்றதெல்லாம் அதன்மேல் மாட்டுவதுதான், அது போனால் வண்டி போனது. எஞ்சின் சூடாகாமல் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் ஒழுகுகிறது, பிரேக் ரப்பர், ஹெட் கேஸ்கட், கதவோரத்து ரப்பர் பீடிங் எல்லாம் போய்விட்டன, அதையெல்லாம் மாற்றினால் ஓடும் என்றார். "கம்பெனிக்காரன் எப்பவோ கடைய மூடிட்டானுங்க. ஒரிஜினல் கெடைக்காது. டூப்ளிகேட்தான்."

செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் டூப்ளிகேட் சாமான் கடை ஒன்று இருந்தது. தும்மிக்கொண்டேதான் உள்ளே போகவேண்டும். கடைக்காரர் டீ வரவழைத்துக் கொடுத்தார், ஊர் கேட்டார், மழை உண்டா என்று கேட்டார். பிறகு கையை மேலே நீட்டி, கார் படம் போட்ட அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். எல்லாம் பளபளவென்று இருந்தன. இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

கதவு பீடிங் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சாண் குறைந்தது. இழுத்து ஒட்டினால் வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இழுத்து ஒட்டினோம். மறுநாள் வெயிலில் அது திரும்பவும் பழைய நீளத்துக்குச் சுருங்கி, மூலைக்கு மூலை தொங்கியது. பிரேக் ரப்பர் ஆயிலில் ஒரு ராத்திரி கிடந்ததும், ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பிவிட்டது. எஞ்சின் தலைக்கடியில் வைக்கிற ஹெட் கேஸ்கட் தகட்டில் தண்ணீர் போகவேண்டிய ஓட்டை ஒன்று இல்லவே இல்லை. மெக்கானிக் உளியை வைத்து வெட்டி எடுத்தார். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் சேலத்துக்கும் ஒவ்வொரு ஞாயிறும் ஜலகண்டாபுரத்துக்கும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆபீசில் கேலி செய்தார்கள். அக்கா மட்டும் ஒவ்வொரு தடவையும் இலை போட்டுச் சோறு போட்டு, "ஆச்சா சாமி?" என்று கேட்பாள். "ஆச்சுங்கக்கா, இன்னும் ஒண்ணுதான்" என்பேன்.

அந்த 'இன்னும் ஒண்ணு' வாட்டர் பம்ப்.

முதல் பம்ப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துப் பார்த்தால், நாலு போல்ட்டில் இரண்டுதான் நுழைந்தது. திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் காட்டி, "பம்ப்பு சரியாத்தானுங்க இருக்குது. உங்க எஞ்சின்ல வெள்ளக்காரன் ஓட்டையத் தள்ளிப் போட்டிருப்பான்" என்றார். கோபத்தில் எனக்குக் காது அடைத்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. மனசார நம்பித்தான் சொன்னார். இன்னொரு டீ வாங்கிக் கொடுத்து, வேறொரு பெட்டியை இறக்கினார். இரண்டாவது பம்ப்பில் ஒரு போல்ட்கூட நுழையவில்லை.

யார் இதைச் செய்கிறார்கள் என்று கேட்டு, சேலத்துக்கு வெளியே இருந்த ஒரு வார்ப்புப் பட்டறைக்கே போய்விட்டேன். சண்டை போடுகிற எண்ணத்தில்தான் போனேன். பட்டறைக்காரர் வயதானவர், முழங்கை வரை கரி. நான் கத்தியதையெல்லாம் கேட்டுவிட்டு, பொறுமையாகச் சொன்னார். "சாம்பிள மண்ணுல அமுக்கி அச்சு எடுக்கறமுங்க. அதுல இரும்ப ஊத்தறம். இரும்பு ஆறுனாச் சுருங்கும். சாம்பிள விட அர நூலு, கா நூலு சின்னதாத்தான் வரும். அந்தச் சின்னதையே அடுத்த வாட்டி சாம்பிள்னு கொண்டாந்து குடுப்பாங்க. அது இன்னுங் கொஞ்சம் சின்னதாகும். நீங்க வாங்குனது மகனோ பேரனோ, ஆருக்குங்க தெரியும்?"

இத்தனை பேரில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. எல்லோரும் உட்காருங்க, டீ சாப்பிடுங்க என்கிறார்கள். யாரைப் பிடித்து உலுக்குவது? சட்டையைப் பிடிக்க ஓர் ஆள் கிடைத்திருந்தால் பாதி பாரம் குறைந்திருக்கும்.

"உங்க பழசையே குடுத்துட்டுப் போங்க. மேல அட்ட ஒட்டிக் கொஞ்சம் பெருசாக்கி ஊத்தித் தாரேன், சரியா உக்காரும்" என்றார் அவர். கொடுத்தேன். பத்து நாள் கழித்து மூன்றாவது பம்ப் வந்தது. நாலு போல்ட்டும் நுழைந்தன. பழசைக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "அன்னைக்கு இரும்பு பத்தலீங்க. ஒடச்சு உலையில போட்டுட்டம். உங்க புதுப் பம்ப்புலயும் அது கலந்துதானுங்க இருக்குது." ஆறுதலாகத்தான் சொன்னார்.

மெக்கானிக் அதைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார். பழசுக்கே உள்ளே புஷ் போட்டு இரண்டு வருஷம் ஓட்டியிருக்கலாமாம். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கறதில்லீங்களா?" என்றார். பாதி மெக்கானிக் எதற்கு முழு மெக்கானிக்கைக் கேட்கப் போகிறான்?

மார்கழி முடிய இரண்டு நாள் இருக்கும்போது வண்டி தயாரானது. மூன்றாவது பம்ப்பின் உடம்பிலேயே பொடிப்பொடியாகத் துளை இருந்தது. தண்ணீர் ஊற்றினால் வேர்க்கிற மாதிரி கசிந்தது. "அஞ்சு மைலுக்கு ஒருக்கா நிறுத்தித் தண்ணி ஊத்திக்கிட்டே போங்க. அவசரப்படாதீங்க. போய்ச் சேந்துரும்" என்றார் மெக்கானிக்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அக்கா தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை உடுத்தி, முன் சீட்டில் உட்கார்ந்தாள். கொழுந்தனார் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டபோது அக்கா என்னைப் பார்க்கவில்லை. கதவின்மேல் கையை வைத்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தாள். மச்சான் போனபிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்ததில்லை.

தாரமங்கலத்துக்கு முன்னால் ஒரு தடவை நிறுத்தினோம், தாண்டி ஒரு தடவை. அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு ரோட்டோர வீடுகளில் போய், "ஏனுங்க, வண்டிக்கு ஒரு கொடம் தண்ணி வேணுமுங்க" என்று கேட்பாள். ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. வண்டி ஆறும்வரை அவளே கதை பேசிக்கொண்டிருப்பாள். சேலத்துக்குள் நுழைந்ததும்தான் என் பொறுமை கழன்றது. செவ்வாய்ப்பேட்டை நெரிசலில் கை வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, பானெட்டிலிருந்து ஆவி வர, பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்க, ஒருவர் எட்டிப் பார்த்து "என்னங்க, இட்லி வெந்துருச்சா?" என்று கேட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மல்லூரைத் தாண்டி, ஆண்டகலூர் கேட்டுக்கு முன்னால் வண்டி மறுபடி கொதித்தது. அதற்குள் உச்சி வெயில். இன்னும் பத்து மைல் போனால் ஊர். ரோட்டோரம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் அக்கா ஒரு குடம் சேந்திக்கொண்டு வந்து வைத்தாள். "ஆறட்டுஞ் சாமி. உங்க மச்சான் ஒரு வெத்தலையப் போட்டு மென்னு முடிக்கற வரைக்கும் தொடவே மாட்டாரு. நான் இன்னொரு கொடம் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு வரப்பில் போனாள்.

நான் ஆறவிடவில்லை. மூன்று மாதம் டீ குடித்தது, கேலி கேட்டது, ஒருவரையும் திட்ட முடியாமல் விழுங்கியது, எல்லாம் சேர்ந்து கைக்கு வந்துவிட்டது. துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகி எறிந்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரை, மார்கழிக் குளிர் இன்னும் போகாத தண்ணீரை, குடத்தோடு கவிழ்த்தேன். கண்ணாடி டம்ளரில் கொதிக்கிற பாலை ஊற்றினால் வருமே, அப்படி உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். அதற்குப் பிறகு எஞ்சினின் ஒரு பக்கத்தில் கோடு கிழித்த மாதிரி தண்ணீர் இறங்கியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

அக்கா இடுப்பில் குடத்தோடு திரும்பி வந்தாள். "என்ன சாமி?" என்றாள்.

"பம்ப்பு போயிருச்சுங்கக்கா" என்றேன்.

அதுவரை ஒருவரும் பொய் சொல்லாத கதையில் முதல் பொய் என்னுடையது. மாலையில் ஆபீஸ் லாரி ஒன்று வந்து, கயிறு கட்டி, சேலத்துக்கே திரும்ப இழுத்துப் போனது. மறுநாள் மெக்கானிக் தன் பட்டறையில் பானெட்டுக்குள் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தார். அக்கா என் பக்கத்தில் நின்றாள்.

"சூட்டோட தண்ணி ஊத்துனீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினார். "டூப்ளிகேட் பம்ப்புங்கக்கா. தண்ணி நிக்கல. பிளாக் கீறல் விட்டிருச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றார். அந்த மனிதரை நான் அதற்குப் பிறகு நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. அவர் இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போவேன்.

வண்டியை அங்கேயே எடைக்குப் போட்டோம். உடைப்பதற்கு முன்னால் அக்கா கொஞ்ச நேரம் முன் சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டு இறங்கினாள். என்னால் தாங்க முடியவில்லை. பட்டறைச் சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதேன். வண்டிக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "உடு சாமி. நீ மூணு மாசம் நாயா அலஞ்ச. சாமானம் அப்பிடி, நீ என்ன பண்ணுவ?"

அக்காவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். மிக்ஸி ஜார் உடைந்தாலும், செருப்பு வார் அறுந்தாலும், அந்தச் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரரை இழுத்து வைத்துத் திட்டுவாள். 'என்ற தம்பி உசுரக் குடுத்துச் சேத்த வண்டிய நாசம் பண்ணிட்டான் பாவி' என்பாள். கடைசிப் பம்ப்கூட அவர் கடையுடையது இல்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்ததைத் தவிர ஒன்றும் செய்யாத மனிதர் அவர். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை எழுந்து போய் அவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் குழாய் வாஷர் ஒழுகியது. அக்கா ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமாங்கக்கா, சாமானம் அப்பிடி" என்றேன்.