ஏல எண்ணெய் விழுந்த வட்டிலப்பம்

காத்தான்குடியில் பஹீமா அவிக்கும் வட்டிலப்ப இனிப்புக்கு இருந்த பெயரை அவள் எவருடனும் பங்குபோட விரும்பியதில்லை. தங்கை நிஸ்றா மணமுடித்து மாத்தளைக்குக் குடிபோன பிறகு அந்தப் பெயருக்குப் பங்கம் வந்தது. நிஸ்றாவின் கணவன் ஹில்மி அங்கே ஏலத் தோட்டம் வைத்திருந்தான். செடியின் அடியில் மண்ணை ஒட்டிக் காய்க்கும் ஏலக்காயைப் பறித்து, உலர்த்தி, இடித்து, செப்புக் கலத்தில் ஆவியேற்றி எண்ணெய் வடிப்பான். தங்கையிடம் வாங்கிப் பஹீமா தன் கிணற்றடியில் நட்ட செடியோ ஆளுயரம் இலைவிட்டதே தவிர ஒரு காய்கூடத் தரவில்லை.

சென்ற பெருநாளுக்கு நிஸ்றா அந்த எண்ணெய் விட்டு வட்டிலப்பம் செய்தாள். வாப்பா அசனார் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார். பஹீமாவின் தட்டை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்தது.

மகள் இனாயாவின் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் சாப்பாட்டில் வட்டிலப்பம்தான் முதலில் வாய்க்குப் போகும். மாப்பிள்ளையின் தாய் நஸீறா என்ன சொல்கிறாளோ, அதுவே ஊர்ப்பேச்சு. நிஸ்றா சிறு எண்ணெய்ப் போத்தலோடு அடுப்படிக்கு வந்தாள்.

"ராத்தா, இத எப்பப் போடணும் எண்டா..."

"வட்டிலப்பம் அவிக்க ஒனக்குப் பழக்கித் தந்ததே நான்தான்டி. வெச்சிட்டுப் போ."

"சொல்றத ஒருக்காக் கேளுங்ககா."

"மாத்தளைக் குளிரு ஒன்ட வாயத்தான் பெருசாக்கியிருக்கு."

நிஸ்றா போய்விட்டாள். ஏலக்காய்த் தூளைச் சேர்க்கும் பழக்கத்திலேயே, கொதித்துக்கொண்டிருந்த கித்துள் கருப்பட்டிப் பாகில் பஹீமா எண்ணெயை விட்டாள். மணம் ஒழுங்கை முழுவதும் பரவியது.

"என்னகா, அத்தர்க் கட தொறந்திட்டீங்களா?" என்று மதிலுக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டுக்காரி கேட்டாள். தங்கையின் காதில் விழட்டும் என்றே பஹீமா உரக்கச் சிரித்தாள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்து இறக்கிய பிறகு, ஓர் ஓரத்தைக் கிள்ளி வாயில் வைத்தாள். முட்டையின் வெடில் வாடை குப்பென்று அடித்தது. ஏலத்தின் சுவடே இல்லை.

வெளியே சாப்பாடு ஏற்றிப்போக வேன் வந்து நின்றது. அடுப்படிக்குத் திரும்பி வந்த நிஸ்றாவும் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

"ஆவில வந்த எண்ணெய் ராத்தா, கொதிச்சா ஆவியோடயே போயிரும். ஆறின தேங்காய்ப்பால்ல ரெண்டு சொட்டுக் கலந்து மேலால ஊத்தணும். ஊத்தவா?"

ஊற்றினால் மணம் நிஸ்றாவுடையது. ஊற்றாவிட்டால் மாமி வீட்டார் முன் இனாயாவின் தலை குனியும். பஹீமா சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"ஊத்து. ஆனா ஒருத்தருக்கிட்டயும் சொல்லப்படாது."

"சொல்லமாட்டன்."

பின்னேரம் நஸீறா தொலைபேசியில் அழைத்தாள். "இப்பிடியொரு வட்டிலப்பம் இந்த ஊர்ல ஆருக்கும் வராது மச்சி!" பக்கத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நிஸ்றா தலை நிமிரவில்லை. ஒரு சொல் சொல்லிக் காட்டியிருந்தால் பஹீமா சண்டை பிடித்தாவது ஆறியிருப்பாள்.

இப்போது ஊரில் கலியாணம் வைக்கும் எல்லாரும் பஹீமாவிடம் அந்த மணத்தோடுதான் வட்டிலப்பம் கேட்கிறார்கள். சம்மதம் சொல்லுமுன் அவள் மாத்தளைக்குத் தொலைபேசியில் அழைத்து, "எப்ப வாறாய்?" என்று மட்டும் கேட்பாள். எண்ணெய் என்ற சொல் அவள் வாயில் வராது. நிஸ்றா கேட்காமலே கொண்டுவந்துவிடுகிறாள். பஹீமாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.