ஊசி போட மாட்டேன்னு சொன்ன நர்சம்மா

கஸ்தூரி நர்சம்மா போய்ட்டாங்க. காலையில அவங்க பொண்ணு போன் பண்ணாங்க...

ஒரு மணி நேரம் கூட ஆகல, எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்ல "மலையின் தெய்வம் மறைந்தது"ன்னு பேனர். மாலை, விளக்கு, கும்பிடற கை. த்தூ... அவங்க உசுரோட பேசினப்போ ஒருத்தன் காது குடுத்தானாடா?

இந்த ஜெனரேஷன் பசங்களுக்குத் தெரியாது. சொல்றேன், கேளுங்க.

எண்பதுகள்ல மலை மேல புதூர்நாடு பக்கம் எங்க ஊருக்கு வந்த கவர்மெண்ட் நர்சு அவங்க. அப்போ எங்களுக்கு ஊசி போட்டாத்தான் வைத்தியம். புளியமரம் ஏறி உலுக்குறவனுக்கு இடுப்பு வலின்னா, சந்தை அன்னிக்குக் கீழ டவுனுக்கு எறங்கி, ஒரு மெடிக்கல் ஷாப்ல வலி ஊசி போட்டுகினு வருவான். டாக்டர் சீட்டெல்லாம் கேக்க மாட்டான் அந்தக் கடைக்காரன். பாவி.

நர்சம்மா அந்த ஊசியப் போட மாட்டாங்க. "அது அபினுக்குச் சொந்தக்கார மருந்துங்க. வலி போனப்புறமும் ஒடம்பு அதையே கேக்கும்"னு சொல்வாங்க. மீட்டிங்னா எவனும் வரமாட்டான்னு, பொம்பளைங்க புளி தட்டுற எடத்துல வந்து ஒக்காந்து, தானும் கொட்டை எடுத்துகினே பேசுவாங்க.

"ஊசி போடாதவ இன்னா நர்சு"ன்னு ஊரே சிரிச்சுது. நானும்தான்.

எங்கண்ணன் வெள்ளையன் மரத்துலேர்ந்து வுழுந்தவன். ரெண்டு வருஷத்துல அந்த ஊசி இல்லாம அவனால எழுந்திருக்கவே முடியல.

ஊர்ப் பெரியவங்க இன்னா பண்ணாங்க? காளியம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் வாங்கினாங்க. நாங்க அவன வூட்டுக்குள்ள வெச்சுப் பூட்டினோம். வாந்தி, நடுக்கம், கை கால் முறுக்கல்... பத்து நாள்ல தெளிஞ்சான். ஒரு தட்டு களி சாப்ட்டான். எங்கம்மா சந்தோஷத்துல அழுதுச்சு.

அப்போதான் நர்சம்மா வந்தாங்க. "தம்பி, இப்போதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். ஒடம்புக்குப் பழக்கம் வுட்டுப் போச்சு. பழைய அளவு ஒரு தடவ போட்டாலும் மூச்சு நின்னுடும். சந்தைக்குத் தனியா அனுப்பாதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம், நான் கூட வர்றேன்."

எனக்கு வந்துச்சே கோவம்! "சாமி மேல சத்தியம் பண்ணவன் மறுபடி போடுவான்றியா? வாசல்ல நின்னு அபசகுனமா பேசாத, போ"ன்னு வெரட்டினேன். என்னவிடப் பத்து வயசு மூத்தவங்கள, அப்படித்தான் பேசினேன்.

அடுத்த சந்தைக்கு அண்ணன் தனியாத்தான் போனான். அதே கடை. அதே பழைய அளவு. கடைக்குப் பின்னாடி பெஞ்சுல ஒக்காந்தபடியே போய்ட்டான்.

கடைக்காரன் ஹார்ட் அட்டாக்னான். சத்தியத்த மீறினான், சாமி அடிச்சிடுச்சுன்னு ஊர் சொல்லுச்சு. எழவு வூட்ல நர்சம்மா மட்டும் சத்தமா சொன்னாங்க. "சாமி மேல பழி போடாதீங்க. கொன்னது ஊசி. இன்னும் நாலு பேர் இங்க போட்டுகினு இருக்காங்க. அவங்களையாவது பூட்டி வெக்காம ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

எழவு வூட்ல வந்து சாமிய இழுக்கறாளான்னு ஊரே கொதிச்சுது. அவங்கள மாத்தச் சொல்லி மனு போச்சு. மூணே மாசம், மாத்திட்டாங்க. அந்த நாலு பேர்ல ரெண்டு பேர் அப்புறம் எங்கண்ணன் மாதிரியேதான் செத்தாங்க.

இன்னிக்குப் பேனர் போட்டவனுங்களோட அப்பனுங்கதான் அந்த மனுவுல கைநாட்டு வெச்சாங்க. திட்டணும்னுதான் இத எழுத ஒக்காந்தேன்.

ஆனா கைநாட்டு வெக்கிறவனுக்கு எழுதத் தெரியாதே... அப்போ ஊர்ல பத்தாவது படிச்சவன் நான் ஒருத்தன்தான். மனுவ எழுதினது நான். "நடத்தை சரியில்லை"ன்னு ஒரு வரி பொய்யாச் சேர்த்ததும் நான்தான். யாரும் அத எழுதச் சொல்லல.

நர்சம்மா... ஒரு தடவ கூட உங்க மூஞ்சியப் பார்த்து இத நான் சொல்லல.

போய்ட்டு வாங்கம்மா.