தலைவரின் காதருகே நின்றவர்

நடராசன் பார்த்த வேலைக்கு அலுவலகத்தில் பெயர் கிடையாது. திண்டிவனத்தை அடுத்த ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைவர் கிருஷ்ணசாமிக்கு அரையடி பின்னால் நின்று, எதிரே வருபவர் யார், எந்த ஊர், மகளை எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார் என்று காதோடு சொல்வதே அவ்வேலை. தலைவர் உடனே கைகூப்பி, "வாய்யா பச்சைமுத்து, மயிலத்துல குடுத்த பொண்ணு நல்லா இருக்குதா?" என்பார். பச்சைமுத்து பூரித்துப்போவார். மேடையில் தலைவரின் நினைவாற்றலைப் புகழ்ந்தபோதெல்லாம் நடராசனும் கைதட்டினார்.

1964 ஆடியில் தலைவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. எதிரணியினர் விலைபேசிவிடாதபடி உறுப்பினர்களை ஒன்றிய ஜீப்பில் ஏற்றிப் புதுச்சேரி விடுதியொன்றில் வைக்க ஏற்பாடாயிற்று. வண்டி கிளம்பும் தறுவாயில், காலனியில் மண்ணாங்கட்டியின் மனைவி குப்பம்மாளுக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் வேண்டும் என்று மருத்துவச்சி ஆள் அனுப்பினாள். நடராசன் அதைத் தலைவரின் காதில் சொன்னார்.

"மாட்டுவண்டி கட்டச் சொல்லு" என்று தலைவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

குப்பம்மாள் வழியிலேயே இறந்தாள். தீர்மானம் தோற்றது. நடராசன் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடைபோடச் சேர்ந்துகொண்டார். அதைக் கோபம் என்று சொல்வதற்கில்லை. எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கருமாதி முடிந்தபின், தாயில்லாப் பிள்ளைகளுக்கு ஏதேனும் உதவி கேட்டு மண்ணாங்கட்டி ஒன்றிய அலுவலகத்துக்குப் போனார். அன்று தலைவரின் பின்னால் யாரும் இல்லை. தலைவர் வழக்கம்போல் சிரித்து, "வாப்பா, வூட்ல சம்சாரம் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டார்.

அந்தக் கேள்வி விழுப்புரம்வரை பரவிற்று. "நம்ம தலைவரு எமலோகத்துலகூட நலம் விசாரிக்கிறாருப்பா" என்று டீக்கடைகளில் சிரித்தார்கள். சிரிப்பைத் தொடர்ந்து ஜீப் விவகாரம் வெளிவந்தது, விசாரணைக்கு உத்தரவாயிற்று. தலைவர் சொன்னதை நேரில் கேட்டவர் நடராசன் ஒருவரே.

தலைவர் மண்டிக்கே வந்து மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"இன்னா நடராசா, எளைச்சிப் போயிட்ட?"

"அப்படியேதாங்க இருக்கேன்."

"பேஜாராப் போச்சுய்யா. வாய்தவறி ஒரு வார்த்த வந்திச்சு, ஊரே சிரிச்சிக்கினு இருக்குது. எங்க வூட்டுப் பொம்பளைங்களே ஒரு மாதிரி பாக்குறாங்க."

"அத உடுங்க தலைவரே. விசாரணையில ஜீப்பப் பத்திக் கேப்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேங்க."

"ஒன்ன யாருய்யா பொய் சொல்லச் சொன்னது? செவ்வாக்கெழம காலனிக்குத் துக்கம் கேக்கப் போறேன். முன்ன மாதிரி பின்னால நில்லு. அவன் பேரு, செத்தவ பேரு, புள்ளைங்க பேரு. அத்தோட சரி."

"அந்தம்மா பேரு இன்னமும் உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"நீ இருக்குற தைரியத்துல நான் எதயும் மனசுல வெச்சிக்கலையே" என்றார் தலைவர். அதில் நடிப்பு எதுவும் இல்லை.

பெயரைச் சொல்வதில் பொய் எங்கே இருக்கிறது என்று நடராசன் எண்ணினார். பொய் சொல்ல முடியாது என்று கூறியதை அவர் ஏற்றுக்கொண்டாரே என்பதில் சிறிது நிம்மதியும் இருந்தது. செவ்வாய்க்கிழமை சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

காலனியில் மண்ணாங்கட்டி முன்னே வந்ததும் நடராசனின் உதடுகள் தாமாகவே அசைந்தன.

"மண்ணாங்கட்டி, குப்பம்மாளுக்கு இப்படி ஆயிப்போச்சேப்பா" என்று தலைவர் தழுதழுத்தார். "பெரிய பொண்ணு முனியம்மாள நான் படிக்க வெக்கிறேன்."

பெண்கள் அழத் தொடங்கினார்கள். மண்ணாங்கட்டி தலைவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் நின்ற நடராசனைப் பார்த்தார்.

"ஜீப் கேட்ட அன்னிக்கும் நீங்கதானேங்க பக்கத்துல நின்னீங்க?"

நடராசன் தலையசைத்தார்.

விழுப்புரம் பயணியர் விடுதியில் விசாரணை நடந்தது. ஜீப் கேட்டு ஆள் வந்ததையும் தலைவர் சொன்ன பதிலையும் நடராசன் ஒன்றுவிடாமல் சொன்னார். அதிகாரி குறுக்கிடாமல் கேட்டுவிட்டு,

"செவ்வாய்க்கிழமை அவரோடு காலனிக்குப் போனது நீங்கள்தானே?" என்றார்.

"ஆமாங்க."

"இப்போதும் அவரிடம்தான் வேலையா?"

"இல்லைங்க."

"பிறகு எதற்குப் போனீர்கள்?"

"பேரு சொல்றதுக்குங்க."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "தலைவரோட பேரம் படியல போலிருக்குது, அதான் காட்டிக்குடுக்குறாரு" என்றார் ஒருவர். அதிகாரி ஒன்றும் எழுதாமலே பேனாவை மூடி, போகலாம் என்று கைகாட்டினார். வாசலில் மண்ணாங்கட்டி நின்றிருந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"எழுதிக்கினாங்களா?"

நடராசன் திண்டிவனம் பேருந்து நிற்குமிடத்துக்கு நடந்தார். மண்ணாங்கட்டியும் அதே பேருந்தில்தான் போக வேண்டும். இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போனார்கள்.