ஆட்டுப் பாதையில் ஓர் ஆட்டோ

நீலசந்திராவில் ஓர் ஆட்டோக்காரர் கார்களை மறித்துக் கிரேக்க வரலாற்றில் கேள்வி கேட்கிறாராம். பதில் தெரியாதவர்கள் ரிவர்ஸ் எடுக்க வேண்டுமாம். இப்படி ஒரு வதந்தி காதில் விழுந்ததும் சரிபார்க்கப் போனேன். பாதிதான் உண்மை. பதில் தெரிந்தவர்களும் ரிவர்ஸ்தான் எடுக்க வேண்டும்.

சந்தின் முனையில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில், காக்கிச் சட்டையின் மேல் பித்தான்களைத் திறந்துவிட்டபடி பெருமாள்சாமி. நான் போனபோது ஒரு வெள்ளைக் கார் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது.

"வாபஸ் ஹோகி சார்," என்று கன்னடத்தில் திரும்பிப் போகச் சொன்னார்.

"மேப் இந்த வழிதான் காட்டுது."

"காட்டும் சார். ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் முன்னாடியும் ஒருத்தன் காட்டினான். அன்னிக்கு அவனுக்கு ஜுரம் வந்து வூட்ல படுத்துனு இருந்தா இன்னா ஆயிருக்கும், சொல்லு பாக்கலாம்."

கார்க்காரர் ரிவர்ஸ் எடுத்தார்.

அவர் கேட்பது தெர்மோபிலே யுத்தத்தைப் பற்றி. மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு குறுகிய வழி. அதில் கொஞ்சம் கிரேக்கர்கள் நின்றுகொண்டு, பெரிய பாரசீகப் படையை நகரவிடாமல் வைத்திருந்தார்கள். உள்ளூர்க்காரன் ஒருவன் மலை மேல் ஏறிப் பின்னால் இறங்கும் ஆட்டுப் பாதையைக் காட்டிக்கொடுத்தான். அத்தோடு முடிந்தது. சவாரிக்குக் காத்திருந்தபோது பெருமாள்சாமி போனில் பாதி பார்த்த வீடியோ இது. மீதியைப் பார்ப்பதற்குள் சவாரி வந்துவிட்டது. அதனால் ராஜாக்களின் பெயர் தெரியாது. "இந்த ராஜா, அந்த ராஜா" என்பார். காட்டிக்கொடுத்தவன் மேல் உள்ள கோபம் மட்டும் முழுதாக இருக்கிறது.

கோபத்துக்குக் காரணம் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறது. மனைவி சரளா. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அந்தச் சந்தில் வீட்டுக் கதவைத் திறந்தால் அடுத்த அடி ரோடுதான். போன மாதம் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கால் விரல்கள் மேல் ஒரு கார் ஏறியது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, "மேப் இப்படித்தான் காட்டுது மேடம்" என்று விளக்கிவிட்டுப் போனாராம். மேப் வாழ்க. சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத ஊருக்கு யாரோ ஒருத்தியின் கால் குறுக்குவழி. குறுக்கே ஒரு கம்பம் நடச் சொல்லிக் கேட்டால், அது போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றார்கள் அதிகாரிகள். கால் இடைஞ்சல் இல்லை போலிருக்கிறது.

சரளாவுக்கு வேலை நிற்குமா போகுமா என்று இன்னும் தெரியவில்லை. கார் ஏறிய அன்றே சந்து முழுக்கக் கேட்கும்படி பெருமாள்சாமி சபதம் போட்டார்: "இந்த வழியக் காட்டிக்குடுத்தவன் எவனா இருந்தாலும் வந்து உன் காலத் தொட்டு மன்னிப்பு கேக்கணும். அதுவரைக்கும் உடமாட்டேன்." காலையில் சவாரிக்குக் கிளம்பும் முன்பும், மதியம் சாப்பிட வந்த பிறகும் அவருக்குக் காவல் வேலை.

நான் போனது ஒரு ஞாயிறு. அன்று சரளாவின் தம்பி தினேஷும் வந்திருந்தான். ஐ.டி. பையன். மாமாவின் போனை வாங்கி நோண்டினான்.

"ரோடு மூடியிருக்குன்னு ரிப்போர்ட் போட்டீங்களா மாமா?"

"தினம் போடறேன். நம்ப மாட்டேங்குது."

"எப்பிடி நம்பும்? போட்டுட்டு, அதே போன ஆட்டோல மாட்டி, மேப்ப ஆன் பண்ணி, இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஓட்டினு போறீங்க. மத்த வண்டி வர்றதுக்கு முன்னாடிலேர்ந்தே போறீங்க. வண்டி போற வழின்னு அதுக்குக் கத்துக்குடுத்ததே நீங்கதான்."

பெருமாள்சாமி நாற்காலியை விட்டு எழுந்தார். "டேய், நான் என் வூட்டு வாசல்ல போறேன்டா."

"அந்தாளும் அவன் ஊரு மலைலதான் மாமா நடந்தான்."

படியிலிருந்து சரளா வெங்காயத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "அப்போ இவருக்கு ஜுரம் வந்து படுத்துனு இருந்தா என் காலு நல்லா இருந்திருக்கும்."

"போனு பண்ற துரோகத்துக்கு நான் இன்னாடி பண்ணுவேன்?"

நியாயமான கேள்விதான். அந்தக் காலத்துத் துரோகி ராஜாவிடம் பரிசு கிடைக்கும் என்ற ஆசையில் காட்டிக்கொடுத்தான். பெருமாள்சாமியிடம் வழியையும் வாங்கிக்கொண்டு, சேவை எப்படி என்று ஐந்து நட்சத்திரமும் கேட்கிறது செயலி.

மறுநாள் காலை மறுபடி எட்டிப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. போனை அணைத்தாலே போதும் என்று தினேஷ் சொல்லியிருந்தும், பெருமாள்சாமிக்கு இப்போது இன்ஜின் மேலும் நம்பிக்கை இல்லை. ஆட்டோவைக் கையாலேயே மெயின் ரோடு பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார். படியில் சரளா, கட்டுப் போட்ட காலைச் சந்தின் குறுக்கே நீட்டியிருந்தார். ஆட்டோ நின்றது.

"சபதம் போட்டியே, அது இன்னா ஆச்சு?"

பெருமாள்சாமி இரண்டு பக்கமும் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னலில் ஆள் இருந்தது. முன்பக்கம் வந்து, கட்டுக்கு ஒரு சாண் தள்ளி மண்டியிட்டு, கையை நீட்டி, முன் டயரை அமுக்கிப் பார்த்தார்.

"காத்து கம்மியா இருக்குது" என்றார்.

சரளா காலை மடக்கவில்லை.