முனை மழுக்கிய கரண்டி

கடைக்காரர் மண் கிளறும் கரண்டிகளில் மூன்றாவதை எடுத்து மேசையில் வைத்ததும், செபஸ்தியாம்பிள்ளை சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டி, அதன் முனையைத் தன் முன்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். தோலில் பிறை வடிவில் ஒரு சிவப்புத் தடம் விழுந்தது. முதல் இரண்டு கரண்டிகளின் தடங்களும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தன. கடைக்காரர் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். ஹோ ஸ்ட்ரீட்டில் இருபது வருடமாகத் தோட்டச் சாமான் விற்கிறவர் அவர். மண் தோண்டுகிற சாமானை ஒரு மனிதர் தன் தசையில் சோதித்து வாங்குவதை அதுவரை கண்டிருக்கமாட்டார்.

"இதைவிட மொட்டையாக இருக்கிறதா?" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார் செபஸ்தியாம்பிள்ளை.

"மொட்டையாக இருந்தால் மண்ணில் இறங்காதே," என்றார் கடைக்காரர்.

அது 1994 செப்டெம்பர். செபஸ்தியாம்பிள்ளைக்கு அப்போது நாற்பத்தேழு வயது. லண்டன் வால்தம்ஸ்டோவில் ஓர் ஆரம்பப் பள்ளியில் உதவிக் கெயார்டேக்கர். காலையில் கேட்டைத் திறப்பார், பிள்ளைகள் வாந்தியெடுத்த இடத்தில் மரத்தூள் போடுவார், கால் ஆடுகிற கதிரைகளை ஆணியடித்து நேராக்குவார். எந்த வேலைக்கும் மறுப்புச் சொல்லாத மனிதர். ஒரு வேலையைத் தவிர. அவர் நிலம் தோண்டமாட்டார்.

கவுன்சில் கொடுத்த தோட்டத்துண்டு ஒன்று அவர்களுக்கு இருந்தது. அதில் மண் கொத்துவது முழுக்க அவருடைய மனைவி இம்மாகுலேற். அவர் பந்தல் போடுவார், தண்ணீர் சுமப்பார், கையால் புல் பிடுங்குவார். பக்கத்துத் துண்டுக்காரர் கல்யாணசுந்தரம் இதை விடுவதாயில்லை.

"அண்ணை, அக்காவைக் கொத்த விட்டிட்டு நீங்கள் கத்தரிப்பூவுக்குக் காவல் நிக்கிறியளோ?"

"எனக்கு நாரி நோ, குனிய ஏலாது தம்பி."

"ஓம் ஓம். இப்பதானே ரெண்டு உரமூட்டையைத் தோளிலை வைச்சுக்கொண்டு வந்தனீங்கள். அது வேறை நாரியாக்கும்."

இம்மாகுலேற் நிமிராமலே சொல்லுவாள்: "அவருக்குக் கொத்தத் தெரியாது. எனக்குத் தெரியும். உமக்கு என்ன நட்டம், கல்யாணசுந்தரம்?"

இம்மாகுலேற்றைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவள் தேவைக்குப் பொய் சொல்லக்கூடியவள். பாகற்பந்தல் ஆறடிக்கு மேல் போகக்கூடாது என்று தோட்டச் சங்கத்துச் செயலாளர் அம்மா வந்து நின்றபோது, "இது எங்களுக்கு முன்னம் இருந்த ஆக்கள் கட்டினது," என்று அந்த அம்மாவின் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள். பந்தலில் சுற்றிய கயிற்றின் புது மணம்கூட இன்னும் போகவில்லை. உண்மை பேசும்போது இம்மாகுலேற் யாரையும் பார்க்கமாட்டாள். கை வேலையைப் பார்த்தபடியே பேசுவாள். பொய் சொல்லும்போதுதான் தலையை நிமிர்த்திக் கண்ணைப் பார்ப்பாள். இருபது வருடம் கூட வாழ்ந்த செபஸ்தியாம்பிள்ளைக்கு மட்டும்தான் இது தெரியும். இதைப் பார்த்து அவர் தனக்குள் சிரித்துக்கொள்வார்.

அந்த வருடம் உருளைக்கிழங்கு கிண்டிய சனிக்கிழமையன்று அவளுடைய மோதிரம் தொலைந்தது. கலியாண மோதிரம் அல்ல. அவளுடைய தம்பி கஸ்பர் குவைத்தில் வேலை செய்து, முதல் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தது. கஸ்பர் இப்போது உயிரோடு இல்லை. அவனுடையது என்று அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான். ஊரிலிருந்து கொழும்புக்கும் கொழும்பிலிருந்து லண்டனுக்கும் அது அவள் விரலிலேயே வந்தது.

அவள் அழவில்லை. கிழங்குச் சாக்கைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தாள். பிறகு ஸ்பேடைத் தூக்கினாள். "முழுக்கக் கிண்டுவம். எங்கை போகப்போகுது."

"வையும்," என்றார் செபஸ்தியாம்பிள்ளை. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "ஸ்பேடு வேண்டாம். தங்கம் வெட்டுப்படும். நான் ஒரு வழி பாக்கிறன்."

வழி என்று அவர் நினைத்தது ஸ்டானை. பள்ளியின் தலைமைக் கெயார்டேக்கர். ஞாயிற்றுக்கிழமைகளில் எசெக்ஸ் பக்கம் கமக்காரர்களிடம் அனுமதி வாங்கி, மெட்டல் டிடெக்டரோடு வயல் வயலாக நடக்கிறவர். திங்கட்கிழமை தேநீர் நேரத்தில் ஸ்டான் மெசினைக் கொடுக்கச் சம்மதித்தார். ஆனால் தன் கரண்டியை மட்டும் கொடுக்கமாட்டேன் என்றார். அதை அவரவர் தெரிந்து வாங்கவேண்டுமாம். மலிவானது வாங்கினால் கழுத்தில் வளையும். அலகும் பிடியும் ஒரே இரும்பாக இருக்கவேண்டும். வேர் நிறைந்த நிலத்துக்குப் பல்லு வைத்தது, இறுகிய நிலத்துக்குக் கூர் முனை. சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொதிகலன் அறை மேசையில் பரப்பினார்.

"எது எடுத்தாலும் ஒன்றை மறக்காதே," என்றார் ஸ்டான். "சத்தம் கேட்கிற இடத்தில் நேராகக் குத்தாதே. ஒரு சாண் தள்ளிச் சுற்றிவர வெட்டு. பிறகு பக்கத்தால் போ. மேலேயிருந்து குத்தினால், நீ எதைத் தேடுகிறாயோ அதையே குத்திப்போடுவாய். புதிதாக வருகிற எல்லோரும் விடுகிற பிழை அது."

செபஸ்தியாம்பிள்ளை கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். 

எண்பத்தேழில், யாழ்ப்பாணத்துப் பாசையூரில், விமானம் குண்டு போட்டுவிட்டுப் போன ஒரு பகலில், கஸ்பர் பதுங்கியிருந்த பங்கர் இடிந்து விழுந்தது. தென்னங்குற்றியும் மண்மூட்டையும் செங்கல்லும் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. செபஸ்தியாம்பிள்ளை மண்ணில் காதை வைத்துக் கேட்டார். கீழே தட்டுகிற சத்தம் கேட்டது. மற்றவர்கள் தங்களுக்கு எதுவும் கேட்கவில்லை என்றார்கள். அவருக்குக் கேட்டது. மூன்று தட்டு, ஓர் இடைவெளி, பிறகும் மூன்று தட்டு. கையில் அகப்பட்ட அலவாங்கை, ஆளுயர இரும்புக் கடப்பாரையை, எடுத்து, சத்தம் வந்த இடத்திலேயே, மேலேயிருந்து, முழுப் பலத்தோடும் குத்தினார். நாலாவது குத்தில் அலவாங்கு மெத்தென்று எதிலோ இறங்கியது. மண்ணில் இறங்குகிற மாதிரி இல்லை. பிறகு தட்டுச் சத்தம் கேட்கவேயில்லை.

அலவாங்கைப் போட்டுவிட்டு அவர் கோயில் பக்கம் நடந்துபோனார். சவப்பெட்டிக்குச் சொல்லப் போனதாக எல்லோரும் நினைத்தார்கள். கஸ்பரை மற்றவர்கள்தான் வெளியே எடுத்தார்கள். பிறகு ஆம்பிளைகள் எல்லோரும் அடுத்த வீட்டு வளவில் புதைந்தவர்களை எடுக்க ஓடிவிட்டதால், கழுவி உடுப்பு மாற்றியது இம்மாகுலேற்றும் அவளுடைய மாமியும். அவர் திரும்பி வரும்போது கஸ்பர் வெள்ளைச் சட்டையோடு பெட்டிக்குள் இருந்தான். பொத்தான்கள் கழுத்துவரை பூட்டியிருந்தன. அந்தச் சட்டைக்குக் கீழே என்ன இருந்தது என்று அவர் மனைவியிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஏழு வருடம் இருவரும் ஒரே கட்டிலில் படுத்தெழும்பினார்கள்.

கடையில் அவர் கடைசியில் வாங்கியது ஒரே இரும்பில் செய்த குட்டைக் கரண்டி. அடுத்த நாள் பள்ளி வேலையறையில் அதை இடுக்கியில் பூட்டி, அரத்தால் முனையை ராவத் தொடங்கினார். ராவுவதும், முன்கையில் அழுத்துவதும், திரும்ப ராவுவதுமாக இருந்தார். ஸ்டான் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கரண்டியை ராவிக் கூராக்குகிறவனைப் பார்த்திருக்கிறேன். மொட்டையாக்குகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்," என்று சிரித்தார். செபஸ்தியாம்பிள்ளையும் கூடவே சிரித்துவைத்தார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டைப் பிசைந்தபோது அவருடைய சட்டைக் கை மேலேறியது. இம்மாகுலேற் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பிறை பிறையாகத் தடங்கள். சில இடங்களில் கன்றிப்போயிருந்தது.

"உது என்ன?"

"கரண்டியைச் சோதிச்சுப் பாத்தனான்."

"மண் கரண்டியைக் கையிலையோ சோதிக்கிறது?"

"கூர் இருக்கக்கூடாதெல்லே."

அவள் கையை எட்டிப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டு, அவருடைய புட்டில் இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினாள். 

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. கல்யாணசுந்தரம் தன் துண்டில் கோவாக் கன்றுக்கு வலை கட்டிக்கொண்டிருந்தார். செபஸ்தியாம்பிள்ளை மெசினோடு வந்த காதுக் கருவியைப் போட்டுக்கொண்டு உருளைக்கிழங்குப் பாத்தியின் மேல் மெசினை ஆட்டி ஆட்டி நடந்தார்.

"அண்ணை, நிலத்துக்கை யாரோடை கதைக்கிறியள்?" என்றார் கல்யாணசுந்தரம்.

"உம்மடை வாயைக் கொஞ்சம் பொத்தும்," என்றாள் இம்மாகுலேற்.

முதலில் ஓர் ஆணி, பிறகு போத்தல் மூடி. இரண்டும் மேலாகவே கிடந்ததால் விரலால் கிளறி எடுத்துவிட்டார். நாலாவது வரம்பின் ஓரத்தில் வேறு சத்தம் வந்தது. சின்னது, சுத்தமானது. மெசினைத் திரும்பக் கொண்டுவந்தார். மூன்று தரம் அடித்தது. நிறுத்தி, இன்னொருக்கால் ஆட்டினார். மூன்று தரம்.

காதுக் கருவியைக் கழற்றி மண்ணில் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

இம்மாகுலேற் பக்கத்தில் வந்தாள். "இதிலையோ?"

"ஓம்."

"கிண்டுங்கோவன்."

அவர் முழங்காலில் இருந்தார். ஒரு சாண் தள்ளி, மொட்டைக் கரண்டியால் சுற்றிவர அழுத்தினார். கடைக்காரர் சொன்னது சரிதான், கரண்டி மண்ணில் லேசில் இறங்கவில்லை. ஒரு விரலளவு இறக்குவதற்கே நெற்றியில் வேர்வை வந்தது. ஒரு பக்கத்தைத் தோண்டிக் குழியாக்கி, அந்தக் குழிக்குள்ளிருந்து பக்கவாட்டில் கையை விட்டார். ஒரு சிரட்டையளவு மண்கட்டி முழுதாகக் கழன்று வந்தது. உடைக்காமல் இரண்டு கையிலும் ஏந்தி மனைவியிடம் நீட்டினார்.

"நீரே உடையும். என்னாலை ஏலாது."

அவள் வாங்கி, மடியில் வைத்து, பெருவிரலால் ஓரம் ஓரமாக உதிர்த்தாள். மண்ணுக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு விளிம்பு தெரிந்தது. மோதிரத்தை எடுத்துச் சட்டையில் துடைத்தாள்.

"காயம் இருக்கோ?" என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

கீறல் இருக்கிறதா என்றுதான் கேட்க நினைத்தார். வாயில் வந்தது வேறு சொல். மோதிரத்துக்கு யாரும் காயம் என்று கேட்பதில்லை. அவரும் அதை உணர்ந்தார். ஆனால் திருத்தவில்லை. முழங்காலில் இருந்தபடியே பதிலுக்குக் காத்திருந்தார்.

இம்மாகுலேற் மோதிரத்தை விரலில் போடவில்லை. மடியில் மிஞ்சிக் கிடந்த மண்கட்டியை எடுத்துத் தொடர்ந்து உதிர்த்தாள். அதற்குள் இனி ஒன்றும் இல்லை.

"இருந்தது," என்றாள். அவளுடைய பார்வை மண்ணிலேயே இருந்தது. "இடது தோளுக்குக் கீழை. வட்டமா, ஆழமா. மாமி பாத்திட்டு அலவாங்கெண்டு சொன்னவ. நான் பஞ்சை வைச்சு அடைச்சுப்போட்டுத்தான் சட்டை போட்டனான்."

கல்யாணசுந்தரம் வலையைக் கட்டி முடித்துவிட்டு, தன் தகரக் கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"எனக்குத் தட்டுற சத்தம் கேட்டது," என்றார் செபஸ்தியாம்பிள்ளை. "நான் குத்தினாப் பிறகு கேக்கேல்லை."

அவள் கையிலிருந்த மண் முழுதும் உதிர்ந்து முடிந்தது. கையைத் தட்டினாள். பிறகு தலையை நிமிர்த்தி, அவருடைய கண்ணை நேராகப் பார்த்தாள்.

"அதிலை ரத்தம் வரேல்லையப்பா," என்றாள். "உயிர் போனாப் பிறகு பட்ட காயம். ரத்தம் ஒரு சொட்டும் வரேல்லை."

அவரும் அவளுடைய கண்ணைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. பந்தலடியில் செயலாளர் அம்மாவைப் பார்த்த அதே பார்வை, இமைகூட ஆடவில்லை.

"ஓமோ," என்றார்.

"ஓம்."

அவள் மோதிரத்தை விரலில் போட்டாள். அது தளர்வாக ஆடியது. நூல் சுற்றினால் நிற்கும் என்றாள். எழும்பிப் பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "குழியை மூடிப்போட்டு வாங்கோ. ஆரும் கால் இடறி விழப்போகினம்."

அவள் தேத்தண்ணிப் போத்தலை எடுக்கக் தங்கள் கொட்டில் பக்கம் போனாள். செபஸ்தியாம்பிள்ளை மண்ணைக் கையால் அள்ளிக் குழியை நிரப்பினார். உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தினார். மூன்று தட்டு. கை நின்றது. கொட்டிலடியில் மனைவி மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். குனிந்து, காதை மண்ணில் வைத்தார்.