கியர்பாக்ஸுக்குக் காற்று

எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் என்றால் யாரும் நம்புவதில்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிற பெண்ணுக்கு ஸ்பேனர் எதற்கு என்று சிரிப்பார்கள். என் இடது காலைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் சூம்பிப்போன கால் அது. இரும்புப் பட்டையும் தோல்வாரும் சேர்ந்த கேலிப்பர் மாட்டிக்கொண்டுதான் நடக்கிறேன். நடக்க நடக்க அதன் திருகுகள் தளரும். பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அவற்றை நானே முடுக்கப் பழகிவிட்டேன். இன்றைக்கும் என் கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஸ்க்ரூடிரைவர் இருக்கும்.

எனக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு: ‘ஏத்து.’ மற்றவர்கள் பஸ்ஸில் ஏறுவார்கள், என்னை மட்டும் ஏற்றுவார்கள். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் வெள்ளிமலை வண்டி வந்து நின்றதும் கண்டக்டர், “அந்த மேடத்தப் புடிச்சி ஏத்துப்பா” என்று குரல் கொடுப்பார். யாராவது அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார். நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கும் நெல் மூட்டைக்கும் வித்தியாசம் கிடையாது. வீட்டிலும் இதே கதைதான். என் மாமியார் தினமும் காலையில் என் வீட்டுக்காரரிடம், “போய் அவள ஏத்தி வுட்டுட்டு வாடா” என்பார். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

அதற்காகத்தான் கார் வாங்கினேன். பழைய கார்தான், ஆனால் ஆட்டோமேட்டிக். கிளட்ச் இல்லாததால் இடது காலுக்கு வேலையே இல்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே மலைரோட்டில் முதன்முதலாக நானே ஓட்டிக்கொண்டு போன அன்று, வெள்ளிமலை ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் ஸ்டியரிங்கை விட மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு சந்தோஷம்.

யார் கண் பட்டதோ, கோடை பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் தீய்ந்த வாடை வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று கண்ணெதிரே சிவப்பு விளக்கு எரியும். ஓரங்கட்டி ஆறவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். டவுன் மெக்கானிக் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய கியர் ஆயில் காப்பி டிக்காஷன் நிறத்தில் இருந்தது.

“ஆட்டோமேட்டிக்கு இந்த மலைக்கு ஆவாதும்மா. இப்டியே ஓட்டிக்கினு இருந்தா கியர்பாக்ஸே போயிடும். இத வித்துட்டு ஒரு கியர் வண்டி வாங்கி, டிரைவர் போட்டுக்கோங்க” என்றார்.

டிரைவராம்! மறுபடியும் என்னை ஏற்றி இறக்க ஒரு ஆள்.

மாமியார் ஒரே போடாகப் போட்டார். “இன்னாத்துக்கு இந்த ரோதனை? கீழயே ஒரு ஆஸ்பத்திரிக்கு மாத்தல் வாங்கிக்க.” மலையில் என்னை நொண்டி என்று யாரும் அடையாளம் சொல்வதில்லை, ‘மாத்திரக்காரம்மா’ என்பார்கள். அந்தப் பேரை விட்டுவிட்டுக் கீழே வர எனக்கு இஷ்டமில்லை. என்றாலும், பேச்சு முற்றிய வேகத்தில், “இன்னொரு வாட்டி இந்த வண்டி மலையில நின்னா நானே மாறுதல் கேட்டு எழுதிக் குடுத்துடறேன், போதுமா?” என்று சொல்லிவிட்டேன். மாமியார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு போனில் தேடித் தேடிப் பார்த்தேன். என் காரில் கியர் ஆயிலைக் குளிர்விக்கிறது இன்ஜினுடைய ரேடியேட்டர்தான். மேட்டில் இன்ஜினே கொதிக்கும்போது அது யாரைக் குளிர்விக்கும்? கியர் ஆயிலுக்கென்று தனியாக ஒரு சின்ன ரேடியேட்டரை வண்டியின் முகத்தில், காற்று படுகிற இடத்தில் பொருத்தலாமாம். டிரான்ஸ்மிஷன் கூலர் என்று அதற்குப் பெயர். மெக்கானிக்கைக் கேட்டேன். “அதெல்லாம் நாங்க பண்றதில்லம்மா” என்று கையை விரித்தார். சரி, நானே பண்ணுகிறேன் என்று வந்துவிட்டேன்.

ஆர்டர் போட்ட கூலர் சென்னையிலிருந்து லாரி பார்சலில் உளுந்தூர்பேட்டைக்கு வந்தது. அரிசி ஆலையில் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிற என் வீட்டுக்காரர்தான் போய் எடுத்துவந்தார். நோட்டுப் புத்தக அளவில் அலுமினியத் தகடுகளை அடுக்கினாற்போல் இருந்ததைப் புரட்டிப் பார்த்து, “இதுவா மலையேத்தப் போவுது? இது தோச திருப்பக்கூட ஒதவாது போலருக்குதே” என்றார்.

“தோச சுட்டப்பறம் பேசிக்கலாம்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் சிமெண்டுத் தரையில் மணைப்பலகை போட்டு, காரின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்து செய்கிற வேலையில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. “நீ சொல்லு, நான் செய்யறேன்” என்றார் அவர். “நான் செய்யறேன், நீங்க கேக்கறத எடுத்துக் குடுங்க” என்றேன். முன்பம்பரைக் கழற்றினோம். கியர்பாக்ஸுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இரண்டு குழாய்கள். ஒன்று சூடான ஆயிலைக் கொண்டுவருகிறது, மற்றது திருப்பிக் கொண்டுபோகிறது. திரும்பிப் போகிற குழாயில்தான் கூலரை இணைக்க வேண்டும். வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். சூடு கம்மியாக இருந்ததற்குச் சாக்பீஸால் குறி போட்டேன்.

கூலரோடு பிளாஸ்டிக் கட்டுகள் வந்திருந்தன. தகடுகளின் இடுக்கில் நுழைத்து நேராகக் கட்டிவிட வேண்டுமாம். நான் கட்டவில்லை. வண்டி ஆடுகிற ஆட்டத்தில் அது தகட்டை அறுத்துவிடும். இரும்புப் பட்டை என் காலை அறுத்த காலம் எனக்கு மறக்குமா? கேலிப்பருக்கு உள்ளே மெத்தை வைத்துக்கொள்கிறேனே, அதையேதான் இங்கும் செய்தேன். அவர் ஆலையில் வெட்டித் துளைபோட்டுக் கொண்டுவந்த பட்டைகளுக்கும் கூலருக்கும் நடுவே ரப்பர் துண்டு வைத்து, போல்ட் போட்டு முடுக்கினேன். ஆயில் தாங்குகிற ஹோஸை இரண்டு பக்கமும் சொருகிக் கிளாம்ப் போட்டேன். வடித்த பழைய ஆயிலைக் காலி குளுக்கோஸ் பாட்டில்களில் பிடித்து வைத்திருந்தோம். பாட்டிலின் கோட்டைப் பார்த்து அதே அளவு புது ஆயில் ஊற்றினேன். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து, கூலர் குடித்த அளவையும் சேர்த்தேன். கீழே விரித்த செய்தித்தாளில் ஒரு சொட்டு விழவில்லை.

“அடேங்கப்பா!” என்றார் அவர். தலைக்கனம் என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும், அன்றைக்கு எனக்குக் கர்வம் தாங்கவில்லை. கை கழுவக்கூட மனசு வரவில்லை.

அடுத்து வந்த நாட்களில் வண்டி மலையைச் சிரித்துக்கொண்டே ஏறியது. விளக்கு எரியவே இல்லை. இப்படி இருக்கையில் ஆயுத பூஜை வந்தது. மாமியார் காருக்கும் பூஜை போட்டார். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, என் தொடை கனத்துக்குச் சாமந்தியும் கோழிக்கொண்டையும் கலந்த மாலை வாங்கி, காரின் முகத்தில் இருக்கிற கிரில் முழுக்க வளைத்து வளைத்துக் கட்டினார். அன்று ராத்திரி நல்ல தூறல். விடுமுறை முடிந்த காலையில் வாழையை மட்டும் அவிழ்த்தார். “மால இருக்கட்டும், அழகாக்கீது” என்றார். நானும் அப்படியே கிளம்பிவிட்டேன்.

பாதி மலையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஓரங்கட்டினேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இனி மாறுதல் மனுதான், மாத்திரக்காரம்மா கதை முடிந்தது என்று நினைத்தேன். பின்னாலேயே மூச்சிரைத்துக்கொண்டு வந்த பஸ் நின்றது. எட்டிப் பார்த்தது அதே கண்டக்டர்.

“இன்னா மேடம், நின்னுபோச்சா? ஏத்திக்கினு போவட்டா?”

“வேணாங்க, நீங்க போங்க” என்று கத்தினேன். பஸ் போய்விட்டது.

பானட்டைத் திறந்தேன். ஹோஸில் கசிவு எதுவும் இல்லை. துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு கூலருக்குள் போகிற ஹோஸைத் தொட்டேன், சுட்டது. வெளியே வருகிற ஹோஸும் அதே சூடு. அப்படியென்றால் ஆயில் ஓடுகிறது, ஆனால் ஆறவில்லை. ஏன்? வண்டியைப் பிடித்துக்கொண்டே முன்பக்கம் போனேன். தூறலில் ஊறிய மாலை கிரிலோடு அப்பி, ஓர் ஓட்டை விடாமல் அடைத்திருந்தது. அடச்சே! கூலருக்கு மூச்சே போகவில்லை. என் கை வேலையில் ஒரு குறையும் இல்லை! நடுரோட்டில் ஒற்றை ஆளாக நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். ஸ்க்ரூடிரைவரால் கயிற்றை நெம்பி அறுத்து, மாலையை எடுத்துப் பின்சீட்டில் போட்டேன். விளக்கு அணையும்வரை காத்திருந்து கிளம்பினேன். அதற்கப்புறம் வண்டி எங்கும் நிற்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாமியார், “மால இன்னா பின்னாடி கெடக்குது?” என்றார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். விளக்கு எரிந்ததையும்தான். மனு எழுதச் சொல்வார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் காரின் முன்னால் போய்க் குனிந்து, கிரிலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “இது வழியாத்தான் மூச்சு வாங்குதா? நாந்தான் மூக்கப் பொத்திட்டனா?” என்றார். பிறகு மலைப் பக்கம் திரும்பி, “இந்த மலைய வாசல்ல நின்னு பாத்ததோட சரி. ஒரு நாளும் மேல போனதில்ல. நாளைக்கு நானும் வரேன்” என்றார்.

மறுநாள் காலையில் அவருக்கு முட்டி வலி. கார் கதவைப் பிடித்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டார். “டேய், என்னெ ஏத்தி வுடுறா. எம்மருமவ இட்டுக்கினு போவா.”

அந்த வார்த்தை காதுக்கு இவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியாது.

முந்தின நாள் என் வண்டி நின்ற அதே வளைவில் பஸ் ஒன்று ஜீப்புக்கு வழிவிட்டு நின்றிருந்தது. படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் என்னைப் பார்த்ததும், “இன்னா மேடம், இன்னிக்கு ஏத்திக்கினு போவட்டா?” என்று சிரித்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். “யாரப்பா அது? உன் பஸ்ஸு நின்னா சொல்லு. எம்மருமவ ஏத்திக்கினு போவா!”

பஸ்ஸே சிரித்தது. நான் ஹாரனை நன்றாக அழுத்தி அடித்துவிட்டு வளைவில் ஏறினேன்.