நாலாவது கிராஸில் கவிழ்ந்த ஜீப்

அலர்மேல்மங்கைன்னு அவ்வளவு நீளமான பேரை வெச்சிருந்தாலும், அவ குடியிருந்தது எங்க லைன்லயே சின்ன வீட்டுல. பெங்களூர் அடுகோடியில வொர்க்‌ஷாப்புங்களுக்குப் பின்னாடி, ஒரே கூரைக்குக் கீழ வரிசையா ஆறு வீடு. ஆறுக்கும் சேர்த்து முன்னாடி ஒரு குழாய். அவளுக்கும் எனக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர். அவ மிளகாய் வதக்கினா நான் தும்முவேன், நான் ஜெபம் பண்ண உட்கார்ந்தா அவ ரேடியோவைக் குறைப்பா. பெரிய சிநேகம்னெல்லாம் சொல்ல மாட்டேன். எனக்கு யார்கிட்டயும் கொஞ்சிப் பேச வராது. ஸ்கூல் ஆபீஸ்ல டைப் அடிச்சு அடிச்சு நாக்கும் அப்படியே ஆயிடுச்சு.

அவ வீட்டுக்காரர் சண்முகம் ஒரு பழைய ஜீப் வெச்சிருந்தார். மிலிட்டரி ஏலத்துல எடுத்தது. கல்யாணக் கூட்டம், குவாரி ஆளுங்க, நிலம் அளக்கறவங்கன்னு யார் கூப்பிட்டாலும் வாடகைக்கு ஓட்டுவார். பொண்ணைக் கட்டிக் கொடுத்ததும் அதுல வந்த காசுதான், ரெண்டு பேரும் சாப்பிட்டதும் அதுல வந்த காசுதான்.

பெங்களூர்ல அப்போ எங்க திரும்பினாலும் சைட்டுப் பேச்சு, வீட்டு மனைக்கு அங்க அதான் பேரு. முப்பதுக்கு நாப்பது வாங்கிட்டியா, எந்தப் பக்கம் வாங்கின, காவிரித் தண்ணி வருமா, இதே பேச்சு. ஓசூர் ரோட்டுல ரொம்ப தூரம் போய் உள்ள திரும்பினா சுவர்ணகமல லேஅவுட்னு ஒரு போர்டு இருந்துச்சு. சண்முகம் அங்க வருஷக்கணக்கா தவணை கட்டி, ஒருவழியா மங்கை பேர்லயே ரிஜிஸ்டர் பண்ணார். பத்திரம் கைக்கு வந்த அன்னைக்கு அவ அழுத அழுகையில, யாருக்கு என்ன ஆச்சோன்னு கரண்டியும் கையுமா ஓடிப் போனேன். ஒண்ணும் ஆகலை. சந்தோஷமாம்.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமையானா நான் சர்ச்சுக்குப் போவேன், அவங்க சைட்டுக்குப் போவாங்க. புளிசாதம் கட்டி எடுத்துட்டுப் போய், அந்தப் புல்லு மேல உட்கார்ந்து சாப்பிட்டுட்டு வருவாங்க. வந்ததும் சுவத்தைத் தட்டி என்னைக் கூப்பிடுவா. இன்னைக்கு கிச்சனைக் கிழக்கால மாத்திட்டேன்க்கான்னுவா. அடுத்த வாரம் மாடிப்படி வெளியில வந்திருக்கும். அதுக்கடுத்த வாரம் சமையல் மேடை அவ இடுப்பு உயரத்துக்கு ஏறியிருக்கும். கட்டாத வீட்டை இடிச்சு இடிச்சுக் கட்டுறியே, மேஸ்திரிக்கு எவ்வளவு கூலி பாக்கின்னு நான் கிண்டல் பண்ணுவேன். சிரிப்பாளே தவிர கோவிச்சுக்க மாட்டா. ராத்திரி சாப்பாட்டுக்கு உங்க வீட்டுல என்னன்னு கேட்டா மட்டும் பதில் வர நேரமாகும். உடம்பு இங்க இருக்கும், மனசு அங்கேயே தங்கிடும். பாவமாத்தான் இருக்கும் எனக்கு. சொல்லத்தான் மாட்டேன்.

தொண்ணூத்தி ஒம்பதுல மழை கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு வாரம் விடாம கொட்டிட்டு, ஞாயித்துக்கிழமை காலையில வெளிச்சம் வந்துச்சு. அன்னைக்கு வேண்டாம்னு சண்முகம் சொன்னது எனக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு. இவ விடலை. போயே ஆகணும்னு நின்னா. சாயங்காலம் யாரோ ஒரு ஆட்டோக்காரர் ரெண்டு பேரையும் கொண்டுவந்து இறக்கினார். சண்முகத்துக்குத் தோள்பட்டை எலும்பு முறிஞ்சு கட்டுப் போட்டிருந்துச்சு. இவளுக்கு ஒரு கீறல் இல்லை, வளையல்தான் உடைஞ்சிருந்துச்சு. சைட்டுக்குப் போற பாதையில ஜீப்போட ஒரு பக்கச் சக்கரம் அப்படியே மண்ணுக்குள்ள இறங்கி, வண்டி கவிழ்ந்துடுச்சாம்.

இன்சூரன்ஸ் இருந்துச்சு, அந்த வரைக்கும் பொழைச்சாங்க. ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து பார்க்கற வரைக்கும் வண்டியைத் தொடாதீங்கன்னு ஏஜென்ட் சொல்லிட்டார். சண்முகத்துக்கு வலது கை அசையலை, அதனால ஃபாரத்தை நான்தான் நிரப்பினேன். விபத்து நடந்த இடம் எதுன்னு கேட்டிருந்துச்சு. அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. நாலாவது கிராஸ், சுவர்ணகமல லேஅவுட்னு சொன்னார். கிராஸ்னா குறுக்குத் தெரு. சொல்லும்போது அவர் முகத்துல வலியையும் மீறி ஒரு பெருமை. நானும் அப்படியே எழுதினேன்.

மூணு நாள் கழிச்சு இன்சூரன்ஸ் சர்வேயர் கிருஷ்ணப்பா வந்தார். வரும்போதே மூஞ்சி சிடுசிடுன்னு இருந்துச்சு. நாள் முழுக்க சேத்துல அலைஞ்சு நாலாவது கிராஸைத் தேடினாராம். பஞ்சாயத்துல கேட்டா அப்படி ஒரு லேஅவுட்டே இல்லைங்கறாங்களாம். நீங்களே வந்து காட்டுங்கன்னார். எழுதறதுக்கு நீயும் வாக்கான்னு மங்கை என் கையைப் பிடிச்சா. அவ கை ஜில்லுனு இருந்துச்சு. லீவு சொல்லிட்டு நானும் அவங்க ரெண்டு பேரோட கிருஷ்ணப்பா கார்ல ஏறினேன்.

அவ்வளவு நாளா கேட்டுக் கேட்டு, அந்த இடம் எனக்கே மனப்பாடம். நேர்ல பார்த்தா வெறும் புல்லு. பச்சைப் பசேல்னு பெரிய தட்டு மாதிரி ஒரு பள்ளம், நடுவுல அங்கங்க வெள்ளையடிச்ச கல்லு. தூரத்துல எருமை மேயுது. ஜீப் ஒரு பக்கமா சாஞ்சு கிடந்துச்சு, சக்கரத்தைச் சுத்தித் தண்ணி கட்டியிருந்துச்சு. ரோடுன்னு சொல்லிக்க ஒரு முழம் கல்லோ ஜல்லியோ கிடையாது.

கிருஷ்ணப்பா ஜீப்பைச் சுத்தி நடந்து போட்டோ எடுத்தார். ஷூவைக் கழட்டி சேத்தை உதறினார். அப்புறம் சண்முகத்துக்கிட்ட வந்து, கோபமில்லாம, கன்னடத்துல மெதுவா சொன்னார். இது கெரே. கெரேன்னா ஏரி. சர்க்கார் கணக்குல இது ஏரி, யாரோ கல்லு நட்டு வித்துட்டாங்க. இல்லாத ரோட்டுல வண்டி கவிழ்ந்துச்சுன்னு எழுதிக் கொடுத்தா ஆபீஸ்ல பொய்க் கேஸுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. வழி தெரியாம ஏரிக்குள்ள இறங்கிட்டோம்னு நடந்ததை எழுதுங்க, வண்டிக்கு வர வேண்டியது வரும், மீதியை நான் பார்த்துக்கறேன்னார். நல்ல மனுஷன்.

சண்முகம் முடியாதுன்னுட்டார். அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டா எங்க சைட்டு இல்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும், நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனாலும் இதையே காட்டுவாங்கன்னார். ஜீப் இல்லாம என்ன பண்ணுவீங்கன்னு நான் கேட்டேன். கட்டிப் போட்ட கையோட, யார்கிட்டயாவது டிரைவரா சேர்ந்துக்கறேன்னார். அப்புறம் மங்கையைப் பார்க்காம, ஜீப்பைப் பார்த்துக்கிட்டே சொன்னார்.

"இத்தனை வருஷத்துல நான் இவளுக்குன்னு வாங்கினது இது ஒண்ணுதான்க்கா. இதைப் போய் ஏரின்னு எப்படி எழுதுவேன்?"

மங்கை புடவையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, தண்ணி கட்டின பள்ளத்தையே பார்த்துட்டு நின்னா.

"எழுதச் சொல்லுங்க. ஏரின்னு எனக்குப் போன கோடையிலயே தெரியும்"னு சொன்னா.

ஒரு முருங்கைக் கொம்பு நடலாம்னு தோண்டியிருக்கா. தோண்டத் தோண்டக் கருப்பு வண்டலும் நத்தை ஓடும்தான் வந்துச்சாம். எருமை மேய்க்கிற பொம்பளை வந்து பார்த்துட்டு, ஏம்மா ஏரிக்குள்ள மரம் வைக்கிறேன்னு கேட்டிருக்கா. இவ குழியை மூடிட்டு, கையைக் கழுவிட்டு, புருஷன்கிட்ட வந்து மண்ணு நல்ல மண்ணுன்னு சொல்லியிருக்கா. பணமெல்லாம் கட்டி முடிச்சாச்சு, இனிமே சொல்லி அவர் மனசையும் எதுக்கு உடைக்கணும்னு நினைச்சாளாம். இதையெல்லாம் ஏதோ ரேஷன் கடையில நடந்ததைச் சொல்ற மாதிரி சொன்னா. எனக்கு அவளைப் பளார்னு ஒண்ணு வைக்கணும் போலவும் இருந்துச்சு, கட்டிக்கணும் போலவும் இருந்துச்சு.

"தெரிஞ்சே எதுக்கு மங்கை வாரா வாரம் வந்தே? அதுவும் இந்த மழையில?"

நான்தான் கேட்டேன். சண்முகத்தால கேட்க முடியலை.

"வேற எங்கக்கா போய் நிப்பேன்? வாரத்துல ஒரு மணி நேரம் என் வீட்டுல நின்னேன். மழை இன்னும் ரெண்டு நாள் பெய்ஞ்சா தண்ணி மூடிடும். அதுக்குள்ள ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்னு தோணுச்சு."

கிருஷ்ணப்பா வேற பக்கம் திரும்பிக்கிட்டார். முன்னாடியே தெரியும்கற பேச்சையெல்லாம் எழுத வேண்டாம்மா, பணம் வராது, எனக்குக் காது அவ்வளவா கேக்காதுன்னார். கார் பானெட் மேல பேப்பரை வெச்சு நான் இங்கிலீஷ்ல எழுதினேன். ஆயிரம் லெட்டர் டைப் அடிச்ச கை, ஏரின்னு எழுதற இடத்துல நின்னுடுச்சு. மங்கை என் தோளைத் தொட்டு, எழுதுக்கான்னா. சண்முகம் இடது கையால கோணல்மாணலா கையெழுத்துப் போட்டார். போட்டுட்டு, பொண்டாட்டி மூஞ்சியைப் பார்க்காம ஜீப் பக்கமா நடந்து போய் நின்னுக்கிட்டார். கோபமா, வெக்கமா, என்னன்னு எனக்குப் புரியலை. அந்த மனுஷன் அன்னைக்கு என்ன வேணா சொல்லியிருக்கலாம்.

கிருஷ்ணப்பா கேமராவை உறையில போடப் போனார். மங்கை தயங்கித் தயங்கி அவர்கிட்ட போனா. எங்க வீட்டுல எடுத்த போட்டோ ஒண்ணுகூட எங்ககிட்ட இல்லை சார், ஒண்ணே ஒண்ணு எடுத்துத் தருவீங்களான்னு கேட்டா. வீடுன்னே சொன்னா. ரோல்ல இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு, போய் நில்லுங்கன்னார் அவர். அவ சேத்துல இறங்கி, புல்லுல நடந்து போய், முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டு நேரா நின்னா. வாங்கன்னு புருஷனைக் கூப்பிடவும் இல்லை.

சண்முகம் அவளையே பார்த்துட்டு நின்னார். அப்புறம் கட்டுப் போட்ட கையை அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, வழுக்கி வழுக்கி அவ பக்கத்துல போனார். போய் குனிஞ்சு இந்தக் கல்லையும் அந்தக் கல்லையும் பார்த்தார்.

"அங்க நிக்காத மங்கை. அது பக்கத்து வீட்டுக்காரன் சைட்டு. நம்மது இந்தப் பக்கம்."

கிருஷ்ணப்பா கேமராவை இறக்கிட்டு, அவங்க தள்ளி நிக்கற வரைக்கும் காத்துட்டிருந்தார்.